யாருக்குமே போட மனசு வரலன்னா என்ன செய்ய? குமரி மாவட்டத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ரிட்டயர்டு டீச்சர், கருங்கல் பக்கம். சர்வீஸ்ல இருந்தப்ப எலெக்‌ஷன் டூட்டிக்கு பல தடவ போயிருக்கேன், விரல்ல மை வைக்கிற வேலையும் பாத்திருக்கேன், ஓட்டு போட வர்றவங்கள எழுதுற 17ஏ ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குற வேலையும் பாத்திருக்கேன், கடைசி ரெண்டு தடவ பிரிசைடிங் ஆபீசரா இருந்தேன். அதனால தேர்தல் தேதி அறிவிச்சாச்சுன்னா போதும், சந்தையில மீன் வாங்க நின்னாலும் பஸ்ஸுக்கு நின்னாலும் யாராவது வந்து "டீச்சர், ஒருத்தரும் சரியில்லியே, யாருக்குப் போட?"ன்னு கேப்பாவ. பழைய ஸ்டூடண்ட்ஸ் போன்ல கூப்பிட்டு கேப்பாங்க. யாருக்குப் போடணும்னு நான் யாருக்கும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். எப்படி முடிவு எடுக்கலாம்ங்கறத பத்தி நிறைய யோசிச்சிருக்கேன், அத எழுதுறேன்.

ஒருத்தரையும் பிடிக்கல. அப்ப எதுக்கு ஓட்டு போடணும்?

ஸ்கூல் விட்டுப் போற பிள்ளைங்களுக்கு டிசியில நடத்தை "நன்று"ன்னு எத்தனையோ வருஷம் எழுதியிருக்கேன். நிறைய பேரு ஓட்டையும் அந்த மாதிரி ஒரு சர்டிபிகேட்டாதான் நெனைக்காங்க, இவருக்குப் போட்டா இவரு நல்லவருன்னு நான் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமே, நாளைக்கு அவரு ஏதாவது செஞ்சா அந்தப் பாவம் எனக்கும் வருமேன்னு. எனக்கும் முப்பது வயசு வரை அப்படித்தான் தோணுச்சு. இப்ப நான் பாக்குறது வேற. அடுத்த 5 வருஷம் அந்த நாற்காலியில யாராவது ஒருத்தர் உக்காரத்தான் போறாரு, நீங்க போட்டாலும் போடலன்னாலும். அந்த 5 வருஷத்துல யாரு வாசல்ல போய் நின்னு நம்மளால கேள்வி கேக்க முடியும், சண்டை போட முடியும், அதுக்குத்தான் இந்த ஓட்டு. பிடிக்குதா பிடிக்கலியாங்கறத கொஞ்சம் தள்ளி வச்சுட்டு இத யோசிச்சுப் பாருங்க, பாதி குழப்பம் தீரும்.

இன்னொண்ணும் மனசுல வைங்க மக்கா. நம்ம தாத்தா பாட்டிக்கு இந்த ஓட்டு சும்மா கிடைச்சதில்ல. திருவிதாங்கூர் சட்டசபைக்கு ஒரு காலத்துல நிலவரி கட்டுறவங்க மாதிரி சொத்துபத்து உள்ளவங்களுக்குத்தான் ஓட்டு, பனையேறுனவனுக்கும் வலை இழுத்தவனுக்கும் அது கிடையாது. 1948லதான் வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு தேர்தல் நடந்துச்சு. அதுக்கு அப்புறமும் தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டதுக்கு 1954 ஆகஸ்ட் 11ல புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் துப்பாக்கிச்சூடு வாங்கித்தான், 1956 நவம்பர் 1ல நம்ம மாவட்டமே உருவாச்சு. புதுக்கடை எங்க ஊர்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல. அந்த வழியா பஸ்ல போறப்ப எல்லாம் எனக்கு இது நெனப்பு வரும்.

நோட்டா அதிகமா விழுந்தா மறுபடியும் தேர்தல் வைப்பாங்களா?

எம்எல்ஏ, எம்பி தேர்தல்ல கிடையாது. நோட்டாவுக்கு, அதாவது யாருக்கும் இல்லங்கற பட்டனுக்கு, எத்தனை விழுந்தாலும், வேட்பாளர்கள்ல யாரு அதிகம் வாங்கியிருக்காரோ அவருதான் ஜெயிச்சவரு. 2024 எம்பி தேர்தல்ல மத்தியப் பிரதேசம் இந்தூர்ல முக்கியமான எதிர்க்கட்சி வேட்பாளர் கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிட்டாரு, ஜனங்க கோவத்துல நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு போட்டாங்க, நோட்டாதான் ரெண்டாவது இடம். அப்பவும் முதல் இடத்துல வந்தவரு ஜெயிச்சு எம்பி ஆயிட்டாரு. மகாராஷ்டிராவுலயும் ஹரியானாவுலயும் மாநில தேர்தல் ஆணையங்கள் 2018ல உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும், நோட்டா முதல்ல வந்தா திரும்ப தேர்தல்னு விதி கொண்டு வந்தாங்க. நம்ம சட்டமன்றத்துக்கும் பார்லிமெண்டுக்கும் அந்த விதி வரல. வந்தா நல்லதுன்னுதான் நான் நெனைக்கேன்.

அப்ப நோட்டா போடுறது வேஸ்ட்டா?

வேஸ்ட்டுன்னு நான் சொல்லமாட்டேன். அது என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சு போடுங்க.

2013க்கு முன்னாடி நோட்டா பட்டன் கிடையாது, 49-ஓன்னு ஒரு விதி இருந்துச்சு. 2011 சட்டமன்றத் தேர்தல்ல எனக்கு ஒரு கடலோர கிராமத்துல டூட்டி. இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு பையன் வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு "நான் யாருக்கும் போடல, 49-ஓல எழுதுங்க"ன்னு சொன்னான். எழுதணும், எழுதி அதுக்குப் பக்கத்துல அவன்கிட்ட இன்னொரு கையெழுத்து வாங்கணும். நான் பேனாவ எடுத்தேன், அதுக்குள்ள பெஞ்சுல இருந்த கட்சி ஏஜெண்டுமாரு நாலு பேரும் திரும்பி அவன் முகத்தப் பாத்தாவ. ஒருத்தரு அவன் அப்பா பேர சொல்லி "அவனுக்க மவனா?"ன்னு பக்கத்து ஆளுகிட்ட கேட்டாரு. சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அந்தப் பையனுக்க காது சிவந்து போனது இப்பவும் எனக்கு கண்ணுல நிக்குது. 2013 செப்டம்பர் 27ல சுப்ரீம் கோர்ட், யாருக்கும் போடலங்கறதும் ரகசியமாத்தான் இருக்கணும்னு சொல்லி நோட்டா பட்டன் வைக்கச் சொன்னதோட அர்த்தம் எனக்கு அந்தக் காதுலதான் புரிஞ்சுச்சு. அதனால நோட்டாவ யாரும் கேலி பேசுனா எனக்குப் பிடிக்காது.

செய்யாதது என்னன்னா, அது யாருக்க டெபாசிட்டையும் காலி பண்ணாது. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலன்னா டெபாசிட் போகும், அந்தக் கணக்குல நோட்டா சேராது. "நோட்டா போட்டா இவன் டெபாசிட் போயிரும்"னு சொல்லிட்டு அலையுறது தப்பு.

எப்ப போடலாம்? நிக்கிற எல்லாரையும், கடைசிப் பேரு வரைக்கும் பாத்துட்டு, ஒவ்வொருத்தருலயும் உங்களால விட்டுக்குடுக்கவே முடியாத ஒரு விஷயம் இருந்தா போடுங்க. டிவியில காட்டுன ரெண்டு மூஞ்சிய மட்டும் பாத்துட்டு "ஒருத்தரும் சரியில்ல"ன்னு போனா, அது பாக்காம போட்ட நோட்டா.

வீட்லயே இருந்துட்டா? அதுவும் எதிர்ப்புதானே?

எதிர்ப்புன்னு யாருக்குத் தெரியும்? ரெஜிஸ்டர்ல உங்க பேருக்கு நேர ஒண்ணும் இருக்காது, அவ்வளவுதான். செத்துப்போயும் பேரு எடுக்காத ஆளு, துபாய்ல இருக்கிற ஆளு, காய்ச்சல்ல படுத்த ஆளு, கோவத்துல வராத நீங்க, எல்லாரும் அந்தக் காலி இடத்துல ஒண்ணுதான். கட்சிக்காரங்க பூத்துல உக்காந்து வந்தவங்க பேர டிக் அடிச்சுட்டே இருப்பாவ பாத்திருப்பீங்க, எந்த வீட்டுல இருந்து ஆளு வராதுன்னு அவங்களுக்கு அத்துப்படி, வராத வீட்டுக்கு அடுத்த தடவ நோட்டீஸ் கூட ஒழுங்கா வராது, இந்த வீட்ட திருப்திப்படுத்தி என்ன லாபம்னு கணக்கு போட்டுருவாங்க.

"என் ஒரு ஓட்டுல என்ன"ன்னா, ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு போனா ராதாபுரம் தொகுதி. 2016ல அங்க ஜெயிச்ச வித்தியாசம் 49 ஓட்டு. தபால் ஓட்ட செல்லாதுன்னு ஒதுக்குனது சரியா தப்பான்னு கேஸ் நடந்து, 2019ல ஹைகோர்ட் மறு எண்ணிக்கை வைக்கச் சொல்லி, அந்த ரிசல்ட்ட வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. 2021ல சென்னை தியாகராய நகர்ல 137 ஓட்டு. 2008ல ராஜஸ்தான் நாத்துவாராவுல ஒரே ஒரு ஓட்டு. 49 ஓட்டுங்கறது எங்க தெருவுல ஒரு பக்கமா இருக்கிற வீடுகள்ல உள்ள ஓட்டுதான்.

எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்காங்க. எத வச்சு பிரிச்சுப் பாக்க?

எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு நம்ம ஆளுங்க கேப்பாவ. கையால பிடிச்சு எடுக்க ஒரு சாண் இடம் எரியாம மிச்சம் இருக்கிற கொள்ளின்னுதான் நான் சொல்லுவேன். எனக்கே நடந்த ஒண்ண சொல்றேன்.

எனக்க மாமியாருக்க ஊரு கால்வாய்க் கடைமடை. பேச்சிப்பாறை அணையில தண்ணி திறந்தாச்சுன்னு பேப்பர்ல வரும், எங்க மடைக்கு வந்து சேராது, நடுவுல கால்வாய் தூர்ந்து கிடக்கும், வாழை குலை தள்ளுற நேரத்துல வாடும். மூணு வருஷம் மனு குடுத்தோம். முதல்ல இருந்த எம்எல்ஏ நான் மனசார ஓட்டுப் போட்ட ஆளு, நல்லா பேசுவாரு, கூட்டத்துல கண்ணு கலங்கும். அவரு ஆபீஸ்ல மனுவ வாங்கி மேசையில வைப்பாவ, அடுத்த மாசம் போனா எந்த மனுன்னு கேப்பாவ. அடுத்த தேர்தல்ல வேற கட்சிக்காரர் வந்தாரு, அந்தக் கட்சி எனக்கு ஆகவே ஆகாது. ஆனா அந்த ஆபீஸ்ல நம்பர் போட்டு ரசீது குடுத்தாவ, எந்த ஆபீசருக்கு அனுப்பினோம்னு அதுல எழுதியிருக்கும். ரெண்டாவது தடவ நான் போய் சத்தம் போட்டப்ப அவரு கோவப்பட்டாரு, நானும் கோவப்பட்டேன், ஆனா வெளிய போன்னு சொல்லல. ஒன்றரை வருஷம் கழிச்சு பொக்லைன் வந்துச்சு, பாதி தூரந்தான் வாரினாவ, மீதி இன்னும் கிடக்கு. அந்த ரசீதுலதான் நான் ஓட்டப் பத்தி கத்துக்கிட்டேன். அந்தக் கட்சி இன்னிக்கும் எனக்கு ஆகாது.

அதுக்கு அப்புறம் நான் செய்யுறது, ஒரு பழைய நோட்டுல என் வாழ்க்கையில நேரா வந்து இடிக்கிற ரெண்டு விஷயத்த மட்டும் எழுதுவேன், ரெண்டுக்கு மேல போனா மண்ட குழம்பிரும். அதுக்குப் பக்கத்துல இது யாரு கையில இருக்குன்னு எழுதுவேன். தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்துல மணல் சேந்து வள்ளம் கவுந்து ஆளு சாவுறாங்க, அது மாநில மீன்வளத் துறை, அப்ப எம்எல்ஏகிட்ட கேக்கணும். நாலுவழிச் சாலை, ரயில் பாதை எல்லாம் மத்திய அரசு, எம்பிகிட்ட கேக்கணும். மலைய உடைச்சு டாரஸ் லாரியில கேரளாவுக்குக் கல்லு போறது மாநில கனிமவளத் துறை. தெருவிளக்கும் ஓடையும் பேரூராட்சி. எம்பி தேர்தல்ல வந்து ஓடை கட்டித் தாறேன்னு ஒருத்தர் சொன்னா, ஒண்ணு அவருக்கு வேலை தெரியல, இல்லன்னா நமக்குத் தெரியாதுன்னு நெனைக்காரு.

அப்புறம் ஓட்டு கேட்டு வர்றப்ப அந்த ரெண்டையும் நேரடியா கேளுங்க. "பாத்துச் செய்யலாம்"னு சொல்றவரு, "அது என்னால முடியாது, இதுதான் முடியும்"னு சொல்றவரு, கேக்கதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போறவரு, மூணு பேருக்கும் வித்தியாசம் அங்கயே தெரியும். பதவியில இல்லாதப்ப அவரு எங்க இருந்தாருன்னும் பாருங்க. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்ப தூத்தூர் பக்கம் கரையில பெண்டுபிள்ளைங்க கடலப் பாத்து நின்னது எல்லாருக்கும் தெரியும், அந்த நாட்கள்ல யாரு வந்து நின்னா, யாரு போட்டோ எடுத்துட்டுப் போனாங்கறத அந்த ஊர்க்காரங்க இன்னிக்கும் பேர் பேரா சொல்லுவாவ. அவிய கிட்ட கேளுங்க.

வேட்பாளர் மேல கேஸ் இருக்கா, சொத்து எவ்வளவுன்னு எங்க பாக்க?

நாமினேஷனோட ஒவ்வொருத்தரும் ஃபார்ம் 26ன்னு ஒரு அபிடவிட் குடுக்கணும். தேர்தல் ஆணையத்து வெப்சைட்டுலயும் ஆப்புலயும் ஸ்கேன் காப்பி இருக்கும், இலவசம். இருபது முப்பது பக்கம் இருக்கும், பயப்படாதீங்க. அஞ்சு வருஷ வருமானம், புருஷன் பொண்டாட்டி பேர்ல உள்ள சொத்து, கடன், அரசுக்கு கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு எல்லாம் அதுல உண்டு. போன தேர்தல்லயும் நின்னவருன்னா பழைய அபிடவிட்டயும் எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வருமானம் எவ்வளவுன்னு அவரே எழுதியிருக்காரு, சொத்து எவ்வளவு கூடியிருக்குன்னும் அவரே எழுதியிருக்காரு, ரெண்டும் ஒத்துப் போவுதான்னு பாக்க அஞ்சாங்கிளாஸ் கணக்கு போதும்.

கேஸ் பக்கத்த மட்டும் கொஞ்சம் நிதானமா வாசிங்க. நம்ம மாவட்டத்துல போராட்டம் பண்ணாத கட்சி இல்ல, மறியல் பண்ணுனாலே கேஸ் விழும். "12 கேஸ் இருக்கு"ன்னு வாட்ஸ்அப்புல வந்தா எண்ணிக்கையப் பாத்து முடிவு பண்ணாதீங்க. பன்னெண்டும் மறியல், அனுமதியில்லாம கூட்டம்னா அது ஒரு கதை. ஒண்ணே ஒண்ணுன்னாலும் நில மோசடி, பொம்பளைங்கள தாக்குனது, ஆள அடிச்சதுன்னா அது வேற கதை. கேஸ் இருக்கிற வேட்பாளர் அத பேப்பர்லயும் டிவியிலயும் மூணு தடவ விளம்பரம் பண்ணணும், அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தத் தாண்டிப் போயிராதீங்க. 2 வருஷம் அதுக்கு மேல தண்டனை வந்தா பதவி உடனே போகும்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, கேஸ் நடந்துட்டு இருக்கிற வரைக்கும் நிக்கலாம்.

கட்சியப் பாக்கவா, ஆளப் பாக்கவா?

ரெண்டும். ஆனா எதுக்கு எதுன்னு தெரிஞ்சு பாருங்க. 1985ல இருந்து கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கு, கொறடா சொன்னதுக்கு எதிரா சபையில ஓட்டுப் போட்டா பதவி போயிரும். அதனால ஆளு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சட்டம் போடுற நேரத்துல கட்சி சொன்ன பக்கந்தான் கை தூக்குவாரு. யாரு ஆட்சி, என்ன சட்டம்ங்கறதுதான் உங்க கவலைன்னா கட்சியப் பாருங்க. கால்வாய், பாலம், ஆஸ்பத்திரின்னா ஆளுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆளு கட்சியே மாறிட்டா? அதையும் நாம பாத்தாச்சு, விளவங்கோட்டுல எம்எல்ஏ கட்சி மாறி ராஜினாமா பண்ணி, 2024 ஏப்ரல் 19ல எம்பி தேர்தலோட இடைத்தேர்தலும் சேந்து வந்துச்சு, அந்தத் தொகுதிக்காரங்க ஒரே நாள்ல ரெண்டு ஓட்டு போட்டாங்க.

வெளியூர்க்காரரா இருந்தா?

காமராஜர் நம்ம ஊர்க்காரரா? 1967ல சொந்த ஊரு விருதுநகர் தோக்கடிச்சுச்சு, 1969 இடைத்தேர்தல்ல நாகர்கோவில்தான் அவர பார்லிமெண்டுக்கு அனுப்புச்சு, 1971லயும் அனுப்புச்சு. எந்த ஊருங்கறத விட, ஜெயிச்ச பிறகு இங்க எத்தனை நாள் இருப்பாரு, ஆபீஸ் எங்க திறப்பாருன்னு கேளுங்க.

எங்க சமுதாயத்துலயும் சபையிலயும் ஒருத்தருக்குத்தான் போடணும்னு சொல்றாங்க. மீறலாமா?

இத எழுத எனக்கு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நம்ம மாவட்டத்துல ஓட்டப் பத்தி பேசிட்டு இத விட்டா அது பொய். "நம்ம ஆளு வரலன்னா அவனுவ வந்துருவானுவ"ன்னு ரெண்டு பக்கமும் ஒரே வசனத்தத்தான் சொல்றாங்க. 1982 மண்டைக்காடு கலவரத்தப்ப எங்க வீட்டுல ராத்திரி விளக்கு வைக்காம உக்காந்திருந்தோம். பக்கத்து வீடு வேற மதம், அவங்க வீட்டுலயும் விளக்கு இல்ல, அவங்க எங்களுக்குப் பயந்தாங்களா நாங்க அவங்களுக்குப் பயந்தோமான்னே தெரியாம ரெண்டு வீடும் இருட்டுல கிடந்துச்சு. அந்தப் பயம் பொய்ப் பயம்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் பயத்த எடுத்து எடுத்து ஓட்டு வாங்குறவருக்கு அத தீத்து வைக்க மனசு வராது, தீந்தா அடுத்த தடவ எத சொல்லி வருவாரு? பெரியவங்க சொல்றத மரியாதையா கேளுங்க, ஏன்னு கேளுங்க, "நம்ம ஆளு"ங்கறத தவிர வேற ஒரு காரணம் சொன்னா யோசிச்சுப் பாருங்க. உள்ள போய் நிக்கிறப்ப நீங்க தனி. இன்னொண்ணு, மதத்தச் சொல்லி ஓட்டு கேக்குறதே சட்டப்படி தப்பு.

காசு வாங்குனா அவருக்குத்தான் போடணுமா? சாமி படத்து மேல சத்தியம் வாங்கிட்டாங்க.

குடுக்கிறதும் குத்தம், வாங்குறதும் குத்தம், முதல்ல அதத் தெரிஞ்சுக்கிடுங்க. 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல ஆர்.கே.நகர், 2019ல வேலூர், இத்தனை தேர்தல் பணப் பட்டுவாடாவால நின்னு போச்சு. வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன். வாங்கிட்டு வந்து மனசு கிடந்து அடிச்சுக்கிற ஒரு அம்மா என்கிட்ட அழுதாவ, வீட்டுக்காரரு வாங்கிட்டாரு, சத்தியம் பண்ணியாச்சு, சாமி குத்தம் ஆயிருமான்னு. நான் சொன்னேன், லஞ்சத்துக்குப் பண்ணுன சத்தியத்துக்கு எந்த சாமியும் சாட்சி நிக்காது, அஞ்சு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்னா ஒரு நாளைக்கு 55 பைசா கூட வராது, அதுக்கு உங்க வாய கட்டிப்போட விடாதீங்கன்னு. பணம் குடுக்கிறத கண்ணால பாத்தா தேர்தல் ஆணையத்து சி-விஜில்ல போட்டோவோ வீடியோவோ அனுப்பலாம், அத்தாட்சி உங்க கையில இருக்கும்.

சுயேச்சைக்கோ சின்னக் கட்சிக்கோ போட்டா ஓட்டு பிரியும்னு சொல்றாங்களே?

பிரியும்தான். யாருக்குப் போட்டாலும் பிரியும். சட்டமன்றத்துக்கு நிக்க 10,000 ரூபாய் டெபாசிட், பட்டியல் இனத்தவருக்கு 5,000, கட்சி அங்கீகாரம் இல்லன்னா 10 பேரு முன்மொழியணும், இவ்வளவும் பண்ணி ஒருத்தர் நிக்காருன்னா அவரு யாரு எவருன்னு ஒரு தடவ பாக்குறதுல நட்டம் இல்ல. சில பேரு பெரிய வேட்பாளருக்க பேரையே வச்சுட்டு ஓட்டக் குழப்பவே நிப்பாங்க, அதனால போட்டோவையும் சேத்துப் பாருங்க. உண்மையா வேலை செஞ்ச ஆளுன்னா, ஜெயிக்கமாட்டாருன்னு தெரிஞ்சே போடலாம், இந்தத் தடவ வாங்குன 4,000 ஓட்டுதான் அடுத்த தடவ பெரிய கட்சிக்காரங்கள அவரு வீட்டுத் திண்ணையில கொண்டு வந்து உக்கார வைக்கும். ஆனா ஒருத்தர் வரவே கூடாதுன்னு உங்களுக்கு உறுதியா இருந்தா, அவர தோக்கடிக்க தெம்புள்ளவருக்குத்தான் போடணும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் ரெண்டும் செஞ்சிருக்கேன்.

வீட்டுல சொல்றத மீறிப் போட்டா தெரிஞ்சிருமா?

தெரியாது. கல்யாணம் ஆகி வந்த புதுப் பொண்ணுங்க இத ரொம்ப கேக்குறாங்க. பட்டன் அமுக்குனதும் பக்கத்து விவிபேட் பெட்டியில சீட்டு 7 செகண்ட் தெரியும், அது உங்களுக்கு மட்டும், அப்புறம் வெட்டி உள்ள விழுந்துரும். "பீப்" சத்தம் எந்தப் பட்டனுக்கும் ஒண்ணுதான், நோட்டாவுக்கும் அதேதான். பூத்து வாரியா மொத்தம் எத்தனை ஓட்டுன்னு பின்னால தெரியும், யாரு போட்டதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. சொல்ல முடியும்னு மிரட்டுறவன் பொய் சொல்றான். எனக்க வீட்டுக்காரருக்கு நாப்பது வருஷமா நான் யாருக்குப் போட்டேன்னு தெரியாது.

கல்ஃப்ல இருக்கிறவங்க, கடலுக்குப் போனவங்க?

வெளிநாட்டுல இருக்கிறவங்க பேரு சேக்கலாம், ஆனா ஓட்டு போட நேர்ல வரணும். ஆழ்கடல் போறவங்களுக்கு தனி வழி இல்ல, ஒரு தடவ போனா மாசக்கணக்குல கடல்லதான், தேதி பாத்து கரைக்கு வந்தாத்தான் உண்டு. வள்ளவிளை, சின்னத்துறை மாதிரி ஊருல நூத்துக்கணக்கான ஆளுங்களுக்கு இது நடக்குது, இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு வேட்பாளர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியிலயே இதையும் சேருங்க. 85 வயசு தாண்டினவங்களுக்கும் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் உள்ளவங்களுக்கும் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவாங்க, 12டி ஃபார்ம் முன்கூட்டியே குடுக்கணும்.

ஊரே சேந்து தேர்தல புறக்கணிச்சா?

கறுப்புக்கொடி கட்டுனா தாசில்தார் ஓடி வருவாரு, அது உண்மை. அந்த ரெண்டு நாள்ல எழுத்துல ஏதாவது வாங்கிட்டு ஓட்டு போட்டுருங்க. ஓட்டு போடாமலே முடிச்சா, ஓட்டு எண்ணுறப்ப உங்க ஊரு பூஜ்யம், எந்தக் கட்சிக்கும் நீங்க ஒரு கணக்கே இல்ல.

நான் போட்டவரு தோத்துட்டாரு, இல்ல ஜெயிச்சு ஏமாத்திட்டாரு. அப்புறம்?

ஜெயிச்சவரு உங்களுக்கும் எம்எல்ஏதான், "நீ எனக்கா போட்ட"ன்னு கேக்க அவருக்கு உரிமை இல்ல. எம்பிக்கு வருஷம் 5 கோடி, எம்எல்ஏவுக்கு 3 கோடி தொகுதி நிதி உண்டு, எதுக்கு செலவு பண்ணாருன்னு ஆர்டிஐல கேக்கலாம். கிராம ஊராட்சின்னா வருஷம் ஆறு கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 நம்ம மாவட்டம் பிறந்த நாளும்தான், அன்னிக்கு லீவுன்னு வீட்டுல இருக்காம சபைக்குப் போங்க, தீர்மானத்த நோட்டுல எழுதுற வரைக்கும் எழும்பி வராதீங்க, எழுதாத தீர்மானம் காத்தோட போயிரும். பேரூராட்சின்னா கிராம சபை மாதிரியே ஜனங்க கூடுற பகுதி சபா கேளுங்க, நம்ம மாவட்டத்துல பேரூராட்சி நிறைய, அங்க இது நடக்குதான்னே பல பேருக்குத் தெரியாது.

பூத்துக்குள்ள போன பிறகும் முடிவு எடுக்க முடியலன்னா?

நேரம் எடுத்துக்கிடுங்க, ஒரு நிமிஷம் நின்னா யாரும் உங்கள விரட்ட முடியாது. பட்டன் லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரை ஒரு தடவ வாசிங்க, ஒரு மெஷின்ல 16 பட்டன், நோட்டா கடைசியில இருக்கும், ஆளு கூடுதலா நின்னா பக்கத்துல ரெண்டாவது மெஷினும் இருக்கும்.

கடைசியா டூட்டி பாத்த தேர்தல்ல ஒரு ரப்பர் பால்வெட்டுற அண்ணன், சட்டையில பால் கறை காஞ்சு கறுத்துப் போய் இருக்கு, ஓட்டு முடியிற நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப ஓடி வந்தாரு. நேரம் முடியிறப்ப வரிசையில யாரெல்லாம் நிக்காங்களோ, கடைசி ஆளுல இருந்து முன்னால வரை நம்பர் போட்ட சீட்டு குடுக்கணும், சீட்டு இருக்கிற எல்லாரும் எத்தனை மணி ஆனாலும் போடலாம். ஒண்ணாம் நம்பர் சீட்டு அவருக்குத்தான் குடுத்தேன். அவருக்கு முன்னால 23 பேரு. முக்கால் மணி நேரம் நின்னாரு, உள்ள போயும் ரொம்ப நேரம் நின்னாரு, ஏஜெண்டுமாரு "என்ன டீச்சர், தூங்கிட்டாரா"ன்னு கேட்டாவ, நான் கைய காட்டி உக்காரச் சொன்னேன். பீப் சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து அந்தச் சீட்ட என்கிட்ட திருப்பித் தந்துட்டு, "எல்லா பேரையும் வாசிச்சேன் டீச்சர்"ன்னு சொல்லிட்டுப் போனாரு.